பாளையங்கோட்டையின் ‘பாப்பாத்தி அம்மா’: ஞானஸ்நானம் மறுக்கப்பட்ட கிளாரிந்தா, ஒரு சபைக்கே தாயானது எப்படி?

1780-ம் வருஷம். பாளையங்கோட்டையில் இருந்த ஒரு சின்ன கிறிஸ்தவ சபை, தன் உறுப்பினர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதுகிறது. மொத்தமே சுமார் 40 பேர்தான். பல சாதிக்காரர்கள் கலந்த பட்டியல். அதில் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. கிளாரிந்தா.

திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவம் ஒரு சபையாகக் காலூன்றிய கதை இந்தப் பட்டியலில் இருந்துதான் சொல்லப்படுகிறது. ஆனா, அதற்குச் சில வருஷங்கள் முன்பு வரை இதே பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். சொன்னவர், திருச்சியில் இருந்த பாதிரியார் ஷ்வார்ட்ஸ்.

ஏன் மறுத்தார்? மறுக்கப்பட்டவர் எப்படி முதல் பெயரானார்?

காவிரிக் கரையில் கம்பெனி பட்டாளம்

கிளாரிந்தாவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, முதலில் அன்றைய திருச்சியைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். 1750-களில் ஆற்காட்டு நவாப் பதவிக்காக நடந்த சண்டையில் ஆங்கிலேயர் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் இன்னொரு பக்கம். ஸ்ரீரங்கம் தீவுக்குள் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுப் படை 1752 ஜூனில் சரணடைந்தது. அதன்பிறகு மலைக்கோட்டையைச் சுற்றி கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சிப்பாய்கள், அதிகாரிகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு தனி ஊரே உருவானது.

அந்த ஊருக்கு 1762-ல் வந்து சேர்ந்தவர்தான் கிறிஸ்டியன் ஃப்ரெட்ரிக் ஷ்வார்ட்ஸ். பிரஷ்யாவில் 1726-ல் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடியில் இறங்கியவர். தமிழ் சரளமாகப் பேசுவார். பாரசீகம், மராத்தி, இந்துஸ்தானியும் தெரியும். கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1763-ல் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துப் பலர் செத்துப்போக, அனாதையான பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார். இன்றைக்குத் திருச்சியில் இருக்கும் பிஷப் ஹீபர் பள்ளி தன் வேரை அவர் காலத்துப் பள்ளியில்தான் காட்டுகிறது. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் 1766-ல் அவர் கட்டிய கிறிஸ்து ஆலயம் இப்போதும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கடைவீதிக் கூட்டத்துக்கு நடுவில் அதைக் கவனிக்காமலேயே கடந்துவிடுவதுதான் வழக்கம்!

ஷ்வார்ட்ஸின் வேலை திருச்சிக் கோட்டையோடு நின்றுவிடவில்லை. இங்கிருந்து மாற்றலாகிப் போகும் சிப்பாய்களும் அவர்கள் குடும்பத்தாரும் போன இடத்திலெல்லாம் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். 1771-ல் அவர் எழுதிவைத்த குறிப்பில் பாளையங்கோட்டை வருகிறது. திருச்சி சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் அங்கே வேதத்தைப் படித்துக் காட்டுகிறார். ஆங்கிலேய சார்ஜென்ட் ஒருவர் துணையாக இருக்கிறார். அந்த சார்ஜென்ட்டின் மனைவியும் திருச்சி சபைக்காரர்தான் என்கிறது அந்தக் குறிப்பு. பாளையங்கோட்டைக் குழுவுக்கு விதை போனது திருச்சியில் இருந்துதான்.

தஞ்சாவூர்ப் பெண்

கிளாரிந்தா என்பது ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர். அவர் மராத்தி பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சாவூரை மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலம் அது. கணவர் அந்த அரசுக்கு வேலை பார்த்தவர் என்று சொல்லப்படுகிறது. கணவர் இளம் வயதிலேயே இறந்துபோக, கிளாரிந்தா விதவையானார்.

இந்த இடத்தில்தான் பலரும் கேள்விப்பட்டிருக்கும் அந்தச் சினிமாத்தனமான காட்சி வரும். கணவனின் சிதையில் உடன்கட்டை ஏறத் தள்ளப்பட்ட பெண்ணை, குதிரையில் வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் பாய்ந்து காப்பாற்றினார் என்ற கதை.

இது வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி. இதை வைத்து அ. மாதவையா 1915-ல் ஆங்கிலத்தில் ‘கிளாரிந்தா’ என்றே ஒரு நாவல் எழுதினார். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, பெண்களின் துயரத்தைத் தொடர்ந்து எழுதியவர் அவர். பெருங்குளத்துக்காரர் என்பதால் திருநெல்வேலிப் பக்கத்துக் கதைகள் அவருக்கு அத்துப்படி. இன்று இணையத்தில் கிளாரிந்தாவைப் பற்றிச் சுற்றிவரும் பல விவரங்களில் நாவலின் வாடை அடிக்கும். ஷ்வார்ட்ஸின் குறிப்புகளையும், 1881-ல் கால்டுவெல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷனின் ஆரம்பகால வரலாற்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால், சிதைக்காட்சி இல்லாமலேயே இந்தக் கதை கனமாகத்தான் இருக்கும்.

உடன்கட்டையை பென்டிங்க் தடை செய்தது 1829-ல். விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856-ல். இரண்டுமே வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு, உயர்சாதி விதவையாக ஒரு இளம்பெண் உயிரோடு இருப்பது என்றால் என்ன அர்த்தம் என்பதை விளக்க வேண்டியதில்லை. மொட்டையடித்த தலை, ஒருவேளைச் சாப்பாடு, வீட்டின் பின்கட்டு.

அந்த வாழ்க்கையில் இருந்து அவர் வெளியே வந்தார். ஹென்றி லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழத் தொடங்கினார். அந்த நிமிஷமே சொந்த சாதியில் அவருக்கு இடமில்லாமல் போய்விட்டது.

மறுப்புக்குக் காரணம் யார்?

லிட்டில்டன் அவருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். பைபிளையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்வதாக வாக்கும் கொடுத்திருந்தார். ஆனா செய்யவில்லை. ஷ்வார்ட்ஸின் குறிப்பில் இந்தச் செய்தி இருக்கிறது.

கம்பெனி அதிகாரிகள் இந்தியப் பெண்களோடு சேர்ந்து வாழ்வது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். யாரும் அவர்களைப் பதவியில் இருந்து தூக்கவில்லை, ஒதுக்கி வைக்கவும் இல்லை. கிளாரிந்தா விஷயத்தில் நடந்தது வேறு. அவர் தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார். முறையான திருமணம் இல்லாமல் ஒருவரோடு வாழும்வரை கொடுக்க முடியாது என்று ஷ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார்.

ஷ்வார்ட்ஸ் பக்கத்து நியாயம் என்ன? ஞானஸ்நானம் என்பது வாழ்க்கை மாறியதற்கான அடையாளம் என்பது அவர் கொள்கை. கூட்டம் சேர்ப்பதற்காக யார் கேட்டாலும் கொடுத்துவிடக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். பாளையங்கோட்டையில் சவரிமுத்து ஒரு இளைஞருக்கு அவசரப்பட்டு ஞானஸ்நானம் கொடுத்ததைக்கூட அவர் விரும்பவில்லை.

கொள்கை சரிதான். ஆனா அதன் பாரம் யார் தலையில் விழுந்தது என்று பார்க்கணும். கல்யாணம் செய்துகொள்ளும் முடிவு லிட்டில்டன் கையில் இருந்தது. அவர் ஏற்கெனவே கிறிஸ்தவர், அவருக்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டிய தேவை இல்லை. கேட்டுக் காத்திருந்தது கிளாரிந்தா. பிறந்த மதத்தில் கதவு மூடியாச்சு, புது மதத்திலும் கதவு திறக்கலை. இரண்டுக்கும் நடுவில், வாசலிலேயே அவருக்குப் பல வருஷங்கள் போனது.

இப்படி ஒரு நிலைமையில் பெரும்பாலானவர்கள் கோபத்தில் ஒதுங்கியிருப்பார்கள். அவர் ஒதுங்கவில்லை. லிட்டில்டனோடு பாளையங்கோட்டைக்குப் போனார். கீல்வாதத்தால் படுத்துவிட்ட அவரைக் கடைசி வரை கவனித்துக்கொண்டது கிளாரிந்தாதான் என்கிறது சபை வழக்கு. அதோடு, தான் கற்றதை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கினார். ஞானஸ்நானம் பெறாத ஒருவர் மற்றவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது! சவரிமுத்து தொடங்கிவைத்த சின்னக் குழுவுக்கு அவருடைய வீடு ஒரு ஒதுங்குமிடம் ஆனது.

லிட்டில்டன் இறந்தார். தன் சொத்தை அவருக்கு விட்டுப்போனார் என்பது வழக்கு. இரண்டாவது முறையாகத் தனியாளானார் கிளாரிந்தா. சட்டப்படி பார்த்தால் இந்த முறை அவர் விதவைகூட இல்லை.

1778: பாளையங்கோட்டைக்கு வந்த ஷ்வார்ட்ஸ்

1778-ல் ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். இன்றைய சாலையில் திருச்சியில் இருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். காரில் ஐந்தாறு மணி நேரம். அன்றைக்கு அது குதிரையிலும் பல்லக்கிலும் பல நாள் பயணம்.

கிளாரிந்தா மறுபடியும் கேட்டார். இந்தமுறை ஷ்வார்ட்ஸ் அவரைப் பற்றி விசாரித்தார். அதிகாரி இறந்தபிறகு அவருடைய நடத்தையில் குறைசொல்ல எதுவும் இல்லை என்று தெரிந்ததும் ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயர் வந்தது அப்போதுதான். அவரோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றவர்களில் அவருடைய வளர்ப்பு மகனும் ஒருவன்.

அந்தப் பையனுக்கு வைத்த பெயர் ஹென்றி லிட்டில்டன்.

லிட்டில்டன் என்ற பெயரைக் கல்யாணத்தின் வழியாகப் பெறும் உரிமை கிளாரிந்தாவுக்குக் கடைசி வரை கிடைக்கலை. அந்தப் பெயர் வளர்ப்பு மகனுக்குப் போனது. இதை அன்பு என்று படிப்பதா, நன்றி என்று படிப்பதா, சத்தமில்லாமல் கேட்ட நியாயம் என்று படிப்பதா என்பது அவரவர் விருப்பம். அப்பா இல்லாத வீட்டில், பிறந்த வீட்டின் ஆதரவும் இல்லாமல், யாருக்கும் கட்டுப்படாத ஒரு அம்மாவாக அவர் அந்தப் பையனை வளர்த்தார் என்பது மட்டும் நிச்சயம். 18-ம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் இப்படி ஒரு குடும்பத்தைக் காட்டுவது கஷ்டம்.

அதே 1778-ல் ஷ்வார்ட்ஸ் திருச்சிப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தஞ்சாவூருக்கு இடம்மாறினார். கிளாரிந்தா விட்டுவந்த அதே ஊர்.

போர் நடக்கும்போது ஒரு பயணம்

இரண்டு வருஷம் கழித்துத்தான் நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்தப் பதிவேடு எழுதப்பட்டது. பட்டியல் தயார், ஆள் இருக்கிறார்கள். ஆனா வழிநடத்தப் பாதிரியார் யாரும் நிரந்தரமாக இல்லை.

1780-ல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கின. (முந்தின வருஷம்தான் கம்பெனியின் தூதராக ஷ்வார்ட்ஸ் ஹைதரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அது மைசூர்ப் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணம். நம்ம ஸ்ரீரங்கம் இல்லை.) ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைக்கப்பட்டன, தஞ்சாவூர்ச் சீமையிலேயே பஞ்சம் வந்தது. 1784 வரை சண்டை ஓயவில்லை. இந்தக் காலகட்டத்தில்தான் கிளாரிந்தா பாளையங்கோட்டையில் இருந்து தஞ்சாவூருக்குப் போய், தங்கள் சபைக்கு ஒரு உபதேசியாரை அனுப்பும்படி ஷ்வார்ட்ஸிடம் நேரில் கேட்டார் என்று சபை வரலாறு சொல்லுது. எதற்காகப் போனார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். பல வருஷம் முன்பு அவர் ஷ்வார்ட்ஸிடம் கேட்டது தனக்காக. இப்போது கேட்டது ஒரு ஊருக்காக.

அனுப்பப்பட்டவர் சத்தியநாதன். தஞ்சாவூரில் கிறிஸ்தவரானவர், நல்ல பேச்சாளர். பின்னால் 1790 டிசம்பரில் தஞ்சாவூரில் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. அப்போது அவர் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சானது. ஒரு தமிழ்க் குருவால் இப்படிப் பேச முடியும் என்று காட்டத்தான் அதை அச்சடித்தார்கள்.

அடுத்து, கோயில். பதிவேட்டில் இருந்தவர்கள் கூடுவதற்குச் சொந்தமாக ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. செலவின் பெரும்பகுதி கிளாரிந்தாவுடையது. ஆங்கிலேயர் சிலரும் உதவினார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சின்னக் கோயில், ஆனால் உறுதியானது. 1785 ஆகஸ்டில் ஷ்வார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஞானஸ்நானம் மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும் அந்தக் கோயிலுக்குள் ஒன்றாக நின்ற நாள் அது.

‘பாப்பாத்தி’ என்ற பெயர் ஏன் போகலை?

பதிவுகளில் அவர் பெயருக்கு முன்னால் ‘ராசா’ என்ற பட்டம் வருவதுண்டு. தஞ்சாவூர் அரண்மனைத் தொடர்பாலோ, கையில் இருந்த வசதியாலோ வந்த மரியாதை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் வேறு. அவர் கட்டிய கோயில் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’. அவர் வெட்டிய கிணறு ‘பாப்பாத்தி கிணறு’. கிளாரிந்தா ஆலயம் என்ற பெயரோடு சேர்த்து இந்தப் பெயரும் பாளையங்கோட்டையில் இன்றுவரை புழங்குது.

இதில் ஒரு முரண் இருக்கு. சாதியை விட்டு வெளியேற்றப்பட்டவர் அவர். விதவைக்குரிய விதிகளை மீறினார், வெள்ளைக்காரரோடு வாழ்ந்தார், கிறிஸ்தவரானார். அந்தச் சாதியார் யாரும் அவரைத் தங்களில் ஒருத்தியாக நினைத்திருக்க மாட்டார்கள். இருந்தும் ஊர் அவரைச் சாதிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. மதம் மாறினாலும் சாதி பின்னாலேயே வரும் என்பதற்கு, அவர் பெயரே நிற்கிறது. இன்னொரு பக்கம், பல சாதிக்காரர்கள் இருந்த சபையில் ஒரு பிராமணப் பெண் முதல் பெயராக உட்கார்ந்தது அந்த ஊருக்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதையும் அதே பெயர்தான் சொல்லுது. கிணறும் சும்மா வெட்டியது இல்லை. தண்ணீர் எடுக்கும் இடத்தில்தான் சாதி தினமும் கண்ணுக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்காக அவர் பள்ளி ஒன்றை நடத்தியதாகவும் சபை வழக்கில் ஒரு செய்தி உண்டு. பின்னாளில் பாளையங்கோட்டைக்குத் ‘தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று பேர் வந்ததற்குக் காரணமான பள்ளிகள், கல்லூரிகள் எல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவை.

கடைசி வருஷங்கள்

கிளாரிந்தா வயதான காலத்தில் அவர் தொடங்கிய சபை, கோட்டையைத் தாண்டி கிராமங்களுக்குள் போய்விட்டது. 1791-ல் யேனிக்கே என்ற மிஷனரி வந்து சத்தியநாதனோடு சேர்ந்துகொண்டார். 1799-ல் முதலூர் உருவானது. விரட்டப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேறுவதற்காகவே ஏற்படுத்தப்பட்ட ஊர் அது. 1802-ல் கெரிக்கே என்ற மிஷனரி இந்தப் பகுதியைச் சுற்றிவந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 40 பேர் பட்டியலில் இருந்து அதுவரைக்கும் 22 வருஷம்தான்.

அதே வருஷங்களில்தான் பாளையக்காரர் போர் நடந்தது. 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து ஊமைத்துரை தப்பினார். கிளாரிந்தாவின் கோயில் இருந்த அதே ஊர்தான் கம்பெனிப் பட்டாளத்தின் தலைமையிடம். கிறிஸ்தவர் என்றாலே கம்பெனி ஆள் என்ற சந்தேகம் கிராமங்களில் பரவி இருந்த நேரம்.

முன்னால் போனவர் ஷ்வார்ட்ஸ். 1798 பிப்ரவரி 13-ம் தேதி தஞ்சாவூரில் இறந்தார். சரபோஜி மன்னர் அவருக்காக லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மேனிடம் பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்யச் சொன்னார். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சிற்பம் தஞ்சாவூரில் இருக்கிறது.

கிளாரிந்தா 1806-ல் காலமானார். பளிங்குச் சிற்பம் எதுவும் செதுக்கப்படவில்லை. அதே காலகட்டத்தில் ஐரோப்பாவில் இருந்து பணமும் ஆட்களும் வருவது குறைந்துபோனது. யேனிக்கே, கெரிக்கே இருவரும் அதற்கு முன்பே இறந்திருந்தார்கள். திருநெல்வேலிச் சபைகளைக் கவனிக்க ஒரு ஐரோப்பிய மிஷனரிகூட இல்லை. 1816-ல் ஜேம்ஸ் ஹோ என்ற ராணுவ குரு பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்தபோது, சபை கலைந்துபோயிருக்கவில்லை. தமிழ்க் குருக்களும் உபதேசியார்களும் அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். பாப்பாத்தி அம்மாள் கோயிலில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது.